லென் சொன்ன நாலாவது சுற்று

மார்ச் மாதத்தில், ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டிய பனி தெருவோரங்களில் கறுத்துக் கிடக்கும்போதே, லென் டிரோஸ்ட் பள்ளிக்கூடத்துத் தலைக்கவசங்களைத் தன் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அறுபத்திரண்டு கவசங்கள். நிலவறையில் துணி துவைக்கிற தொட்டியில் வெந்நீரும் சோப்பும் கலந்து, ஒவ்வொன்றிலும் முகக்கம்பியைக் கழற்றி, உள்பட்டைகளை உருவி, பழைய பல் பிரஷ்ஷால் காதுத் துளைகளைத் தேய்ப்பார். பள்ளியிலும் தொட்டி உண்டு. ஆனால் அங்கே பேச்சுக்கு ஆள் கிடையாது. இங்கே அவர் மனைவி, என் அக்கா பெர்னடெட், துணி மடித்துக்கொண்டிருப்பாள். மாடி வீட்டிலிருந்து நானும் என் அழுக்குத் துணிக்கூடையோடு இறங்கி வருவேன். ஏப்ரல் கடைசியில் வரப்போகும் டிராஃப்டைப் பற்றி லென் பேசுவதை நாங்கள் இருவரும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கையால் பந்தை வீசிப் பிடித்து ஆடும் அமெரிக்க ஃபுட்பாலைக் கல்லூரியில் ஆடி முடித்த பையன்களைப் பெரிய அணிகள் முறைவைத்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் மூன்று நாள்தான் டிராஃப்ட். ஏழு சுற்று. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவன் ராஜா. ஏழாவதில் எடுக்கப்பட்டவன் பிழைத்தவன். எதிலும் வராதவன், யாராவது கூப்பிட்டால் போய்ப் பார்க்க வேண்டியவன். எங்கள் ஊரில் ஈஸ்டருக்குக் கோயிலுக்குப் போகாத வீடு உண்டு, டிராஃப்ட் பார்க்காத வீடு கிடையாது. எங்கள் அணி ஜெயித்துப் பழக்கமில்லாத அணி. அதனால் எங்களுக்கு ஆட்டத்தைவிட டிராஃப்ட்தான் பண்டிகை. அன்றைக்கு மட்டும் யாரும் தோற்பதில்லை.

லென்னுக்கு அந்தப் பண்டிகையிலும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. வைட் ரிசீவர். கோட்டோரமாக ஓடிப் போய், பின்னாலிருந்து வீசப்படும் பந்தைத் திரும்பிப் பிடிக்கிறவன்.

"இருபத்தோரு வயசுல ரிசீவர எடுக்காதீங்கடா," என்பார், கவசத்தைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே. "கால் இருபத்தொண்ணுல வந்துடும். கை வர இருபத்திநாலு ஆகும். தலை வர்றதுக்கு இருபத்தேழு. அதுக்குள்ள அவன் வேற ஊர் சட்டைய மாட்டிக்கிட்டு நம்ம மேலயே ஓடி வந்து பந்து பிடிப்பான். வளக்கறது நாம, அறுக்கறது அவனுங்க."

"யார்கிட்ட சொல்ற? மேஜோடுகிட்டயா?" என்பாள் அக்கா, காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டே.

"மேஜோடாவது கேக்குது. அவனுங்க கேக்க மாட்டேங்கறானுங்க."

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. நாற்பது வருடத்தில் எங்கள் அணி முதல் இரண்டு சுற்றுகளில் பதினோரு ரிசீவர்களை எடுத்தது. அதில் ஒன்பது பேர் ஒன்றுக்கும் உதவாமல் போனார்கள். அந்த ஒன்பது பேரின் பெயர்களும் இந்த வீட்டில் புழக்கத்தில் இருக்கின்றன. வசந்தத்தில் ஒரே இழுப்பில் கிளம்பி ஆகஸ்டில் படுத்துவிடும் புல்வெட்டி ஆர்லிஸ். சரியாக மழை நேரத்தில் மடங்கிக்கொள்ளும் குடை டிவெயின். பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் அடியில் துருநிறத்தில் தண்ணீர் விடும் நிலவறைக் குளிர்பெட்டிக்கு டெரன்ஸ் என்று பெயர். "டெரன்ஸ் மறுபடி ஒழுகறான்," என்று அக்காவே சொல்லப் பழகியிருந்தாள். புது விருந்தாளிகள் எங்கள் வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள் இருப்பதாக நினைத்துக்கொண்டு போவார்கள். பிள்ளை ஒன்றும் இல்லை.

லென் ஒருநாளும் ஃபுட்பால் ஆடியவர் அல்ல. சின்ன வயதில் மூச்சிரைப்பு. அவருடைய அப்பா எஃகு ஆலையில் இருந்தார். லென் அச்சுத்தண்டு ஆலையில் பத்தொன்பது வருடம் இருந்தார். அதுவும் மூடிய பிறகு, நாற்பத்தொரு வயதில், பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் அறைக்குப் போனார். சட்டை துவைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, கவசத்துக்குத் திருகு முடுக்குவது. கோச் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் நான்கு பேர் வந்து போனார்கள். லென் இருந்தார். கம்பி ஜன்னல் வைத்த அந்த அறையில் உட்கார்ந்து, சட்டை வாங்க வரும் பையன்களைப் பார்த்தே எவன் எப்படி ஆடுவான் என்று சொல்வார். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதிப் பாதியை அவர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அந்த அறையிலிருந்து போனவன்தான் டாரியல் கொர்டேரோ. எங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து டிராஃப்டில் பெயர் அடிபட்ட முதல் பையன். அதுவும் ரிசீவர்.

அவனுடைய அம்மா இவெட், பள்ளிச் சமையலறையில் என் அக்காவோடு பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். இருவரும் ஒரே மேஜையில் நின்று தட்டில் சோறு வைப்பார்கள், ஒரே காரில் வீடு திரும்புவார்கள். கிறிஸ்துமஸுக்கு இவெட் வாழையிலையில் கட்டிய பலகாரம் அனுப்புவாள். ஈஸ்டருக்கு அக்கா பியரோகி என்கிற போலந்துக் கொழுக்கட்டை செய்து அனுப்புவாள். இவெட்டின் புருஷன் புவர்ட்டோ ரிக்கோவுக்குத் திரும்பிப் போனபோது, அந்த வீட்டுக் கதவின் பூட்டை மாற்றிக் கொடுத்ததே லென்தான்.

டாரியல் மாநிலக் கல்லூரியில் நான்கு வருடம் ஆடினான். இரண்டாவது சுற்றில் போவான், தப்பினால் மூன்றாவதில் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். ஊரே அட்டை எழுதி ஜன்னலில் வைத்தது. லென்னும் வைத்தார். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"நல்ல பையன். காலு தங்கம். ஆனா நம்ம ஆளுங்க ரெண்டாவது சுத்துல அவன எடுத்தா நான் டிவிய ஒடைப்பேன்."

"நம்ம ஊர்ப் பையன்டா," என்றார் அவருடைய பழைய ஆலைச் சிநேகிதர் வால்ட்.

"நம்ம ஊர்ப் பையனுக்கும் இருபத்தொண்ணுதான் ஆகுது."

மார்ச் கடைசி வாரத்தில், ஒரு புதன்கிழமை, எங்கள் அணியிலிருந்து ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பையன்களைப் பற்றி விசாரித்து எழுதிக்கொண்டு போவதே அவருடைய வேலை. ஹேவன்ஸ் என்று பெயர். முதலில் தலைமையாசிரியரைப் பார்த்தார். பிறகு கோச்சைப் பார்த்தார். பிறகு நேராகச் சாமான் அறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த பந்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"கோச்சுங்க எல்லாம் அவங்க பையன நல்லாத்தான் சொல்வாங்க, மிஸ்டர் டிரோஸ்ட். அதனால நான் எங்க போனாலும் துணி துவைக்கறவர பாத்துட்டுத்தான் போவேன். அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்."

அன்று சாயங்காலம் லென் இதை எங்களுக்கு ஆடியே காட்டினார். பெட்டி எங்கே இருந்தது, அந்த ஆள் எப்படிக் காலை மடக்கி உட்கார்ந்தார், எந்தப் பையிலிருந்து பேனா எடுத்தார், எல்லாம். நாற்பது வருடம் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துக் கத்திய மனிதர். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒருவர் இறங்கி வந்து, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அரை மணி நேரம். லென் பேசப் பேச அவர் எழுதியிருக்கிறார்.

"என்ன சொன்ன?" என்றாள் அக்கா, முட்டைக்கோஸ் இலையில் கறியை வைத்துச் சுருட்டிக்கொண்டே.

"எல்லாம் சொன்னேன். கால், கை, தலை. குறிச்சுக்கிட்டான் மனுஷன். 'இத நான் இப்படி யோசிச்சதே இல்ல'ன்னான்."

"டாரியல பத்தி?"

"நல்லவன்னு சொன்னேன். உண்மையா உழைப்பான்னு சொன்னேன். வேற ஏதாவது தெரியணுமான்னு கேட்டான். அந்தச் சட்டை விஷயத்தையும் சொன்னேன்."

அக்காவின் கை நின்றது. எனக்கும் அந்த விஷயம் அப்போதுதான் தெரிந்தது.

பள்ளியில் கடைசி வருடம், அக்டோபரில், சீசன் பாதியில், டாரியல் ஒருநாள் யாரும் வராத நேரத்தில் வந்து, தன் பதினோராம் எண் சட்டையை மடித்துக் கம்பி ஜன்னலின் பலகைமேல் வைத்திருக்கிறான். "மிஸ்டர் டி, இது இனிமே எனக்கு வேணாம்." லென் "சரி" என்றிருக்கிறார். ஏன் என்று கேட்கவில்லை. கோச்சிடம் பையனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். ஒன்பது நாள் அந்தச் சட்டையை மற்ற சட்டைகளோடு துவைத்து, அதே கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறார். பத்தாவது நாள் டாரியல் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கொக்கியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான். நான்கு வருடமாக லென் இதை அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

"எதுக்கு சொன்ன?" என்றாள் அக்கா.

"திரும்பி வந்தான்னும் சொன்னேன்ல? அதுதானே முக்கியம்."

"அப்பறம் எதுக்கு முதல் பாதிய சொல்லணும்?"

லென் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அதைச் சொல்லும்போது அவர் முகம் சின்னப் பையன் முகம்போல ஆகிவிட்டது.

"கேளு. ரெண்டாவது சுத்துல போனான்னா என்ன ஆகும்? எவனோ டெக்சாஸ்காரன் எடுப்பான். முதல் வருஷமே ஆயிரம் கஜம் ஓடுன்னு கழுத்துல கத்தி வெப்பான். ரெண்டு வருஷத்துல பையன் புல்வெட்டி ஆயிடுவான். அதுவே கொஞ்சம் கீழ எறங்கினான்னு வெச்சுக்கோ. நாலாவது சுத்து. நம்ம ஆளுங்க எடுப்பாங்க. நாலாவது சுத்துல எடுத்தவன யாரும் நெருக்க மாட்டாங்க. மூணு வருஷம் பெஞ்சுல ஒக்காந்து கைய வளத்துக்குவான். ஒரு மணி நேரத்துல வீட்டுக்கு வந்துட்டு போவான். இவெட்டுக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது, அணிக்கும் நல்லது. ஹேவன்ஸ்கிட்ட அதத்தான் சொன்னேன். அவசரப்படாதீங்க, நாலாவது வரைக்கும் பொறுங்க, அவன் இருப்பான்னு."

"இவெட்கிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம் வேணாம். டிராஃப்ட் முடியட்டும். இதெல்லாம் வெளிய போகக் கூடாத விஷயம்."

அக்கா அவருடைய தட்டில் இன்னும் இரண்டு சுருட்டல்களை வைத்தாள். நான் சிரித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் உங்களையே கோச்சா போட்டுடுவாங்க," என்றேன். உண்மையில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. ஆலையை மூடும்போதுகூடக் கேட்கவில்லை.

ஏப்ரல் மாதம் முழுவதும் இவெட் சமையலறையில் ஒவ்வொரு நாளும் கேட்பாள். "லென் என்ன சொல்றார், பெர்னி? ரெண்டாவதா, மூணாவதா?"

"அவர் எப்பவும்போல திட்டிக்கிட்டிருக்கார்," என்பாள் அக்கா.

"திட்டட்டும். எம் பையனத் திட்டறதுக்கு அவருக்கு உரிமை இருக்கு."

இரண்டு பேரும் சேர்ந்து விருந்துக்குப் பட்டியல் போட்டார்கள். சர்ச் பின்னால் இருக்கும் கூடத்தைப் பிடித்தார்கள். நீலக் கைத்துண்டுகள் இருநூறு வாங்கி, எங்கள் மேஜையில் உட்கார்ந்து மூவரும் மடித்தோம். இவெட் பேசிக்கொண்டே மடித்தாள். எந்த அணி எடுத்தால் எந்த ஊர், அந்த ஊரில் குளிரா வெயிலா, அவனுக்கு யார் சமைத்துப்போடுவார்கள். அக்கா கைத்துண்டின் ஓரத்தை நகத்தால் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது, மூன்றாவது சுற்றுகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம். கூடம் நிறைந்திருந்தது. பன்றிக்கறி வறுவல், துவரை போட்ட சோறு, அக்காவின் பெரிய அலுமினியத் தட்டு நிறையப் பியரோகி. டாரியல் முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை. அவன் கைபேசியை யாரோ ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து நடுமேஜையில் வைத்திருந்தார்கள், எண்ணெய் படாமல் இருக்க. எடுக்கப்போகிற அணி முதலில் பையனைத்தான் கூப்பிடும். அதனால் எல்லோரும் தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோலத் தட்டைத்தான் பார்த்தோம்.

"லென், உன் வாயில பிளாஸ்திரி ஒட்டட்டுமா?" என்றார் வால்ட். "இன்னிக்கு எடுக்கப்போறது ரிசீவர்."

"நான் ஒண்ணும் சொல்லல," என்றார் லென்.

"அதான் பயமா இருக்கு."

இரண்டாவது சுற்றில் நான்கு ரிசீவர்கள் போனார்கள். டாரியல் இல்லை. சோறு ஆறியது. மூன்றாவது சுற்றின் நடுவில், திரையில் இருந்த கோட்டுக்காரர் அவன் பெயரைச் சொன்னார். கூடம் கப்சிப்பென்று அடங்கியது.

திறமையைப் பார்த்தால் இவன் எப்போதோ போயிருக்க வேண்டும் என்றார் அவர். ஆனால் சில அணிகள் தயங்குவதாகக் கேள்வி. இந்தப் பையன் பள்ளியிலேயே சீசன் பாதியில் சட்டையை மடித்து வைத்துவிட்டு வெளியேறியவனாம். பள்ளியைச் சேர்ந்த ஒருவரே சொல்லியிருக்கிறாராம். கஷ்டம் வந்தால் நிற்பானா என்று அணிகள் கேட்கின்றன. அவ்வளவு சொல்லிவிட்டு அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பத்து விநாடி இருக்கும்.

டாரியல் திரும்பினான். கூடத்தில் அத்தனை பேர் இருக்க, நேராக லென்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. பந்து எங்கே விழுந்தது என்று தெரிந்துகொள்ளப் பார்ப்பவன்போல ஒரு தடவை பார்த்துவிட்டுத் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். இவெட் திரும்பவே இல்லை. அவளுடைய முதுகு மட்டும் நாற்காலியிலிருந்து ஒரு விரல் தூரம் விலகி நிமிர்ந்தது.

மூன்றாவது சுற்று முடிந்தபோது ஜனங்கள் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, "நாளைக்கு இருக்கு, நாளைக்கு இருக்கு," என்று டாரியலின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். லென் தட்டவில்லை. நாற்காலிகளை மடித்து அடுக்கினார். யாரும் கேட்காமலேயே அத்தனை நாற்காலிகளையும்.

காரில் அக்கா சொன்னாள், "அந்த ஹேவன்ஸ் எல்லாருக்கும் சொல்லியிருக்கான்."

"அந்த ஆளுங்க அவங்களுக்குள்ள பேசிக்குவாங்கன்னு எனக்குத் தெரியாது," என்றார் லென். சற்றுப் போன பிறகு, "நாலாவது நாளைக்கு மத்தியானம்," என்றார்.

சனிக்கிழமை இவெட் வீட்டில் யாரையும் கூப்பிடவில்லை. லென் தன் சாய்வு நாற்காலியில் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தார். நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, முன்னால் வைத்த சாண்ட்விச் கடிபடாமல் இருந்தது. அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். அதை நான் சொல்லியாக வேண்டும். அவர் நடித்ததில்லை. நாலாவது சுற்றில் எங்கள் அணியின் முறை வந்தபோது நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்தார்.

எங்கள் அணி ஒரு ரிசீவரைத்தான் எடுத்தது. ஐடஹோவிலிருந்து ஒருவன். இருபத்துநான்கு வயது. இரண்டு வருடம் தேவாலயத் தொண்டுக்குப் போய்விட்டுத் தாமதமாகக் கல்லூரிக்கு வந்தவன். பக்குவமான கைகள், முதிர்ந்த தலை என்று புகழ்ந்தார்கள். எங்கள் அணி இந்த வருடம் புதிதாக யோசித்திருக்கிறது, அவசரப்பட்டு இளசுகளை எடுக்காமல் பொறுத்திருந்து எடுத்திருக்கிறது என்றார்கள்.

வால்ட் தொலைபேசியில் கூப்பிட்டார். "டேய், நீ சொன்னத கேட்டுட்டானுங்கடா," என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. வெறுமனே கேலி செய்தார். லென் தொலைபேசியை வைத்துவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று எல்லாச் சுற்றுகளையும் சத்தமில்லாமல் பார்த்தார். இருநூற்று ஐம்பதுக்கு மேல் பெயர்கள் போயின.

டாரியலை யாரும் எடுக்கவில்லை. ஏழாவது சுற்று முடிந்த பிறகு மேற்குக் கோடியில் ஓர் அணி கூப்பிட்டது. தொண்ணூறு பேரில் ஒருவனாக வந்து ஓடிக் காட்டு, பிடித்தால் வைத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் ஆகஸ்டில் அனுப்பிவிடுவோம் என்றார்களாம். செவ்வாய்க்கிழமை விமானம். இதுவும் எங்களுக்கு வால்ட் மூலமாகத்தான் தெரியவந்தது.

திங்கட்கிழமை சமையலறையில் இவெட் வழக்கம்போல அக்காவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். "தட்டு," "கரண்டி," "வழிய விடு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வேலை முடிந்ததும் பஸ்ஸில் போய்விட்டாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

நான்கு மணிக்கு எங்கள் பின்வாசலில் வந்து நின்றாள். கையில் அக்காவின் பெரிய அலுமினியத் தட்டு. துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். லென் மேஜையில் இருந்தார். நான் அடுப்புப் பக்கம் நின்றிருந்தேன்.

"உக்காரு, இவெட்," என்றாள் அக்கா.

இவெட் உட்காரவில்லை. தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"சட்டைய மடிச்சு வெச்சது மூணு பேருக்குத்தான் தெரியும், லென். அவனுக்கு, எனக்கு, உங்களுக்கு."

"திரும்பி வந்தான்னும் நான் சொன்னேன்," என்றார் லென். "சத்தியமா சொன்னேன். அத அவங்க எழுதல."

"அத ஏன் அவங்க எழுதப்போறாங்க?"

"அவன் இங்கயே வரணும்னுதான்... நாலாவது சுத்துல நம்ம ஆளுங்க எடுத்திருந்தா, ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சு உன் வீட்டுல சாப்டுட்டு போயிருப்பான். யாரும் அவன அவசரப்படுத்தியிருக்க மாட்டாங்க. ரெண்டாவது சுத்துல போனவனுங்க எல்லாம் என்ன ஆனானுங்கன்னு எனக்குத் தெரியும் இவெட். நான் பாத்திருக்கேன். ஒன்பது பேர்."

"நீங்க டிவில பாத்தீங்க."

லென் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

"எம் பையன எந்தச் சுத்துல எடுக்கணும்னு அவங்க உங்களக் கேட்டாங்களா?"

"இல்ல."

"நான் கேட்டேனா?"

"இல்ல."

"அன்னிக்கு அவன் ஏன் விட்டுட்டு போனான்னு தெரியுமா உங்களுக்கு?"

"நான் கேக்கல, இவெட். அவனா சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"ஆமா. நீங்க கேக்கல. அதனாலதான் அவன் திரும்பி வந்தான். எங்கிட்ட அதத்தான் சொன்னான். மிஸ்டர் டி ஒண்ணுமே கேக்கலம்மா, சட்டையத் தொவச்சு மாட்டி வெச்சிருந்தாருன்னு." அவளுடைய குரல் உயரவே இல்லை. சமையலறையில் பையன்களை வரிசையில் நிற்கச் சொல்லும் குரல்தான். "இந்த ஊர்ல அவன் நம்பின ஆள் யாருன்னா நீங்கதான். அவங்கப்பன்கூட இல்ல."

"நான் அவன்கிட்ட பேசறேன். இன்னிக்கே வர்றேன்."

"வராதீங்க. மூட்டை கட்டிக்கிட்டிருக்கான்."

லென் மேஜைவிரிப்பின் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய கைகள், அறுபத்திரண்டு கவசத்தையும் கழுவிய கைகள், விரல் நுனியெல்லாம் இன்னும் வெளுத்து வெடித்திருந்தன. அவர் இன்னும் ஏதோ சொல்ல நினைத்தார் என்று எனக்குத் தெரிந்தது. ஐடஹோக்காரனைப் பற்றியாகத்தான் இருக்கும். அவனுக்குக் கால் போதாது, அவனை எடுத்தது தப்பு என்று. நல்லவேளை, சொல்லவில்லை.

இவெட் கோட்டுப் பொத்தானைப் போட்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினாள். கூடவே என்னையும் ஒரு தடவை பார்த்தாள்.

"பெர்னி, அந்த ஆள் இவரப் பாக்க வந்தது மார்ச் மாசம்னு டாரியல் சொன்னான்."

அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாம கைத்துண்டு மடிச்சது ஏப்ரல்ல."

அடுப்பில் ஒன்றும் வேகவில்லை. நான் ஏதோ வேகிறதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தினமும் நான் உங்கிட்ட கேட்டேன். லென் என்ன சொல்றார், லென் என்ன சொல்றார்னு. உனக்கு எப்ப தெரியும், பெர்னி?"

அக்கா தட்டைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள். பிரித்து, காகிதத்தை நீவி, நான்காக மடித்தாள். இவெட் அது முடியும்வரை நின்றாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு படியிறங்கிப் போனாள்.